இணையவழிக் கற்றலை ஆராயும் முறை: கேள்வி முதல் அறிக்கை வரை

உயர்கல்வியில் மின்னணுக் கற்றலை ஆராய முன்வரும் ஆசிரியர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் பெரும்பாலும் கையில் கிடைத்த கருவியிலிருந்தே தொடங்குகிறார்கள். புதிதாக ஒரு கற்றல் மேலாண்மைத் தளம் வந்திருக்கும், அல்லது துறையில் எல்லாரும் ஒரு செயலிக்கு மாறியிருப்பார்கள். அதனால் மதிப்பெண் உயர்ந்ததா என்று பார்க்கத் தோன்றும். அந்த வழியில் போனால் ஆய்வின் முடிவில் ஓர் எண் கிடைக்கும், அது எதைக் குறிக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. ஆகவே கருவியின் பெயரை எழுதும் முன், அது வந்த பிறகு மாணவர் முன்பு செய்யாத எதைச் செய்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியம் அமையும்வரை வினாநிரல் தயாரிப்பதிலோ தரவு திரட்டுவதிலோ இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த எச்சரிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. மளிகைப் பொருளை ஏற்றிவரும் வண்டியால் நம் ஊட்டம் மாறாததுபோல, பாடத்தைக் கொண்டுசேர்க்கும் ஊடகத்தால் கற்றல் மாறுவதில்லை, கற்பிக்கும் முறையால்தான் மாறுகிறது என்று 1983இல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் வாதிட்டார். ஒவ்வோர் ஊடகத்துக்கும் உரிய இயல்புகள் மாணவரின் சிந்தனைக்குத் தனி வாய்ப்புகளைத் தருகின்றன என்று ராபர்ட் கோஸ்மா மறுத்தார். 1999இல் தாமஸ் ரஸ்ஸல் 355 ஆய்வு அறிக்கைகளையும் கட்டுரைகளையும் தொகுத்து, தொலைநிலைக் கல்விக்கும் வகுப்பறைக் கல்விக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்று காட்டினார். கிளார்க்கின் பக்கம் நின்றாலும் கோஸ்மாவின் பக்கம் நின்றாலும் ஆய்வாளரின் முதல் வேலை ஒன்றுதான்: மாணவரின் எந்தச் செயலை ஆராய்கிறோம் என்று பெயரிட்டுச் சொல்வது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ‘காணொளி விரிவுரைகள் மாணவர்களின் கற்றலை மேம்படுத்துகின்றனவா?’ என்ற கேள்வியில் எந்தக் காணொளி, எதைவிட மேம்பாடு, எந்தக் கற்றல் என்ற மூன்றும் மறைந்திருக்கின்றன. அதையே இப்படி எழுதலாம்: ‘காணொளியின் இடையிடையே நிறுத்தப்பட்டு, கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை எழுதும் மாணவர்கள், அதே காணொளியை நிறுத்தாமல் பார்ப்பவர்களைவிட, மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்தக் கருத்தைப் புதிய கணக்கில் சிறப்பாகப் பயன்படுத்துகிறார்களா?’ இரண்டாம் வடிவத்தில் இரு குழுக்களுக்கும் காணொளி ஒன்றே. வேறுபடுவது விடை எழுதும் செயல் மட்டுமே. அளக்கும் காலமும் அளக்கும் திறனும் கேள்விக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

அடுத்தது ஒப்பீடு. ஆய்வுகள் மிகுதியாகச் சரிவது இங்கேதான். ஒரு குழுவுக்குக் கருவியோடு கூடுதல் பயிற்சிக் கணக்குகளும் கிடைத்தால், உயர்ந்த மதிப்பெண்ணுக்குக் கருவி காரணமா பயிற்சி காரணமா என்று பிரிக்க வழியில்லை. 2010இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்கக் கல்வித் துறையின் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வு), இணையவழியும் நேரடி வகுப்பும் கலந்த முறை நேரடி வகுப்பை மட்டும் நம்பிய முறையைவிட நல்ல பயன் தந்ததாகக் கண்டது. ஆனால் கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பல ஆய்வுகளில் கூடுதல் கற்றல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதையும், ஆகவே அந்தப் பயனை ஊடகத்துக்கு உரியதாகக் கொள்ள முடியாது என்பதையும் அந்த அறிக்கையே சொல்லிவிட்டது. அதேபோல், 2020இல் பெருந்தொற்றால் ஒரே வாரத்தில் இணையத்துக்கு மாறிய வகுப்புகளின் தரவை, திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட இணையவழிப் பாடங்களின் தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல் வேறு, இணையவழிக் கற்றல் வேறு என்று சார்ல்ஸ் ஹாட்ஜஸும் உடன் எழுதியோரும் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே எழுதினார்கள்.

ஒரு பிரிவுக்குக் கருவியைக் கொடுத்து இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் விடுவது எளிது, ஆனால் பலவீனமானது. பிரிவுக்கு அறுபது மாணவர்கள் இருந்தாலும், ஒதுக்கீடு பிரிவு அளவில் நடந்திருப்பதால் உண்மையில் ஒப்பிடப்படுவன இரண்டே இரண்டு அலகுகள். ஆசிரியரின் பாணி, வகுப்பு நடக்கும் நேரம், மாணவர்களுக்குள் இருக்கும் நட்பு எல்லாம் அந்த வேறுபாட்டுக்குள் கலந்துவிடும். முடிந்தால் ஒரே வகுப்புக்குள் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். கருவியை யாருக்கும் மறுக்க மனம் வராவிட்டால், ஒரு பாட அலகில் முதல் குழுவுக்கும் அடுத்த அலகில் இரண்டாம் குழுவுக்கும் கொடுத்து மாற்றிப் பாருங்கள்; அப்போது எல்லாரும் பயன்பெறுவர், ஒப்பீடும் நிற்கும். இதுவும் இயலாதபோது குறைந்தது முன்தேர்வு மதிப்பெண்ணையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை அளப்பது என்ற கேள்விக்கு மாணவர் திருப்தியை விடையாகக் கொள்ளும் ஆய்வுகள் ஏராளம். பருவ இறுதியில் ஐந்து புள்ளி அளவுகோலில் ‘இந்தக் கருவி உதவியாக இருந்தது’ என்று கேட்டு வாங்குவது அரை மணி நேர வேலை. அதனாலேயே அது பரவிவிட்டது. 2019இல் வெளியான ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், இயற்பியல் வகுப்பில் தாமே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றார்கள், ஆனால் சிறப்பான விரிவுரையைக் கேட்டவர்களே தாம் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். திருப்தியைக் கேளுங்கள், அதைக் கற்றலுக்கு மாற்றாக வைக்காதீர்கள். தேர்வைப் பொறுத்தவரை, கருவியில் வந்த கேள்விகளையே திரும்பக் கேட்காமல் புதிய சூழலில் கேளுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு முறை கேளுங்கள்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆராய்வோருக்கு இது இரு மடங்கு பொருந்தும். கருவி பக்கத்தில் இருக்கும்போது மாணவர் செய்வது ஒன்று, அது இல்லாதபோது அவரால் செய்ய முடிவது இன்னொன்று. துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்த கணிதச் சோதனையில், கட்டுப்பாடற்ற உரையாடல் கருவியோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் முன்னே நின்று, கருவி இல்லாத தேர்வில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். கல்லூரி ஆய்விலும் கருவியற்ற தேர்வு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இந்தக் கருவிகள் அடிக்கடி மாறுவதால், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, மாணவருக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் என்ன என்பனவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள்.

இனி, மூடில் போன்ற கற்றல் மேலாண்மைத் தளங்கள் தாமாகவே சேமிக்கும் பயன்பாட்டுப் பதிவுகள். அளவில் பெரிதாக இருப்பதால் இவை உண்மையையே பதிந்து வைத்திருப்பதுபோல் தோன்றும். ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு மாணவர் இரவு 9:04க்குப் பாடப் பக்கத்தைத் திறக்கிறார். அவருடைய அடுத்த சொடுக்கு 11:37க்குப் பதிவாகிறது. இடையில் இரண்டரை மணி நேரம் அவர் ஊன்றிப் படித்திருக்கலாம், உணவு உண்ணப் போயிருக்கலாம், கணினியைத் திறந்துவைத்தபடியே உறங்கியும் இருக்கலாம். முப்பது நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியை வெட்டிவிடுவது ஒரு வழக்கம், பத்து நிமிடத்தில் வெட்டுவது இன்னொரு வழக்கம். எதைத் தேர்ந்தாலும் ‘படித்த நேரம்’ என்ற மாறி வேறாகிவிடும். விட்டோமிர் கோவானோவிச்சும் உடன் ஆய்ந்தோரும் 2015இல் இதைச் சோதித்து, நேரத்தை மதிப்பிடும் முறை மாறினால் ஆய்வின் முடிவுகளே மாறக்கூடும் என்று காட்டினார்கள். ஆகவே உங்கள் வெட்டு விதியை வெளிப்படையாக எழுதுங்கள். குறைந்தது மூன்று விதிகளில் கணக்கிட்டு முடிவு நிலைக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் கோப்பைத் தரவிறக்கி நண்பர்கள் ஐவருக்கு அனுப்பினால் அந்த ஐவரும் பதிவில் சோம்பேறிகளாகத் தெரிவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பாடத்தில் வெற்றியைக் கணித்த சொடுக்குகள் இன்னொரு பாடத்தில் எதையும் கணிக்காமல் போகலாம். டிராகன் காஷெவிச்சின் குழு 2016இல் ஒன்பது இளநிலைப் பாடங்களை எடுத்து இந்த வேறுபாட்டைக் காட்டியது. பல பாடங்களின் தரவை ஒரே கணிப்பு மாதிரிக்குள் கொட்டும் முன் ஒவ்வொன்றையும் தனியே ஆராயுங்கள்.

பதிவுகள் மாணவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லும், ஏன் செய்தார் என்பதைச் சொல்லா. அதற்காகச் சிலரையாவது நேரில் சந்தியுங்கள். ‘கருவி உதவியதா?’ என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். ‘கடைசியாக எந்த இடத்தில் சிக்கினீர்கள், அப்போது முதலில் எதைத் திறந்தீர்கள்?’ என்று கேட்டு, திரையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வினாநிரல் காட்டாத பலவும் தெரியவரும்.

நடுவில் விலகியவர்களைப் பற்றி ஒரு சொல். ஆய்வின் கடைசிவரை இருந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் எந்தக் கருவியும் நல்ல கருவியாகவே தோன்றும், ஏனெனில் அதனால் சோர்ந்தவர்கள் முன்பே போய்விட்டார்கள். தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட அத்தனை பேரையும் அவரவர் குழுவிலேயே வைத்துப் பகுப்பாய்வு செய்யுங்கள். யார், எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்ற அட்டவணையையும் தாருங்கள்.

நெறிமுறை விஷயத்தில் படிவத்தில் கையொப்பம் வாங்குவதோடு கடமை முடிவதில்லை. தன் வகுப்பையே ஆராயும் ஆசிரியர் கேட்கும்போது மறுக்கும் துணிவு மாணவர்களில் மிகச் சிலருக்கே இருக்கும், ஏனெனில் மதிப்பெண் போடுபவரும் அவரே. ஒப்புதலை வேறொருவர் பெறட்டும். யார் சம்மதித்தார் என்பது இறுதி மதிப்பெண் வெளியாகும்வரை ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கட்டும். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம், நேர முத்திரைகளையும் பாடத் தேர்வுகளையும் இணைத்தாலே ஒருவரை இனங்காண முடியும். தேவையற்ற தரவைத் திரட்டாமல் விடுவதே சிறந்த பாதுகாப்பு. ‘தோல்வி அபாயத்தில் உள்ளவர்’ என்று மாணவரை அடையாளப்படுத்தும் மாதிரியை உருவாக்கினால், அடையாளப்படுத்தப்பட்டவருக்கு யார், என்ன உதவி செய்வார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள். உதவி இல்லாத முத்திரை அவருக்குத் தீங்கு மட்டுமே செய்யும்.

தரவைப் பார்க்கும் முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் திறந்த அறிவியல் தளம் ஒன்றில் முன்பதிவு செய்துவிடுங்கள். சிறு ஆய்வுகளில் பெரிதாகத் தெரிந்த பயன்கள் பெரிய அளவில் சோதிக்கும்போது சுருங்குவது வழக்கம்; ரெனே கிசில்செக்கும் உடன் ஆய்ந்தோரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 250 இணையவழிப் பாடங்களில் கால் மில்லியன் மாணவர்களிடம், பாடத்தை விடாமல் முடிக்கத் தூண்டும் சிறு உத்திகளைச் சோதித்தபோது, முன்பு நம்பிக்கையூட்டியவற்றின் விளைவு மிகச் சிறியதாகவும் சூழலுக்குச் சூழல் மாறுவதாகவும் இருந்தது. எனவே முடிவை எழுதும்போது விளைவின் அளவையும் அதன் நிச்சயமின்மை எல்லையையும் சேர்த்துத் தாருங்கள், பயன் இல்லை என்று வந்தால் அதையும் வெளியிடுங்கள். மாணவர்கள் வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம், ஆசிரியரின் எந்த உதவியோடு கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பதை, வேறொரு கல்லூரியில் இருப்பவர் உங்களைக் கேட்காமலே அதே ஆய்வை மீண்டும் நடத்தும் அளவுக்கு விரிவாக எழுதுங்கள்.