நாய் வளர்க்கிறீர்களா? பக்கத்து வீட்டு ஆட்டையும் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்புதான்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் புதிதாக நாய் வளர்ப்பவர்களிடம், ஆட்டைக் கண்டால் உங்கள் நாய் என்ன செய்யும் என்று கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்பார்கள். வீட்டுக்குள் காலடியில் படுத்துக் கிடக்கிற அதே நாய்தான் ஓடுகிற ஆட்டைத் துரத்தும். அதற்காக அது கெட்ட நாய் ஆகிவிடாது, ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். அதிலும் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கென்றே வளர்ந்து வந்த இனங்கள். கடிக்கக்கூட வேண்டாம், விரட்டின பயத்திலேயே சினை ஆட்டுக்குக் கரு கலைந்து, குட்டியை வீசிவிடும். நாலு ஆட்டை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற வீட்டுக்கு அது சின்ன நஷ்டம் இல்லை.

படி 1: பின்வாசலைப் பாருங்கள்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எல்லோரும் முகப்புக் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், பின்கட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவர் கதவைச் சாத்தாமல் போனால் நாய் அடுத்த தெருவில் நிற்கும். பின்கதவுக்குத் தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி ஸ்பிரிங் போடுங்கள், கேட்டுக்கு அடியில் சந்து இருந்தால் கம்பியோ பலகையோ வைத்து அடையுங்கள். நீங்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு நாயை வாட்ச்மேனிடம் விட்டிருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான், இதை அவரிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

படி 2: வெறிநோய்த் தடுப்பூசி

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி அடுத்தது, பிறகு வருடா வருடம். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

படி 3: நாயை ஆட்டுக்குப் பழக்குங்கள்

இதுதான் முக்கியம், இதற்குத்தான் பொறுமை வேண்டும். குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஐந்தாறு மீட்டர் நீளக் கயிறு, பையில் அவித்த முட்டையோ கோழி ஈரலோ சின்னத் துண்டுகளாக, இவ்வளவுதான் தேவை. ஆடு மேய்கிற இடத்துக்கு வெகு தூரத்தில் நில்லுங்கள். நாய் ஆட்டைப் பார்க்கும். காது விறைத்து, உடம்பு தாழ்ந்து, வால் அசையாமல் நின்றால் நீங்கள் நிற்கிற இடம் ரொம்பக் கிட்ட என்று அர்த்தம், இன்னும் பின்னால் வாருங்கள். அது ஆட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் ஈரலைக் கொடுங்கள். ஒரே சொல்லால் கூப்பிடுங்கள், "வா" என்றால் எப்போதும் "வா"தான். சில வாரம் போகப் போகத் தூரத்தைக் குறைக்கலாம். அடிக்காதீர்கள், அடி வாங்கின நாய் உங்களுக்கு முன்னால் அடங்கி, நீங்கள் இல்லாதபோது துரத்தும். இன்னொன்று, தனியாக ஒழுங்காக இருக்கிற நாய், கூட இன்னொரு நாய் சேர்ந்தால் துணிந்துவிடும். இரண்டையும் சேர்த்து அவிழ்த்து விடாதீர்கள்.

படி 4: நேரமும் இடமும்

காலையில் ஆடுகள் கண்மாய்ப் பக்கம் போகிற நேரம், சாயங்காலம் திரும்புகிற நேரம், இரண்டிலும் கயிறு கையில் இருக்கட்டும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டிருந்தால் அந்தத் திசையே வேண்டாம். பொங்கல் சமயத்தில், சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மாடு பிடித்துக்கொண்டு போகிற பாதையிலும் அப்படித்தான், நாய் குரைத்து மாடு மிரண்டால் பிடித்திருக்கிறவருக்குத்தான் ஆபத்து. இதற்காக நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் தப்பு: கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தினமும் நன்றாக நடத்திக் கூட்டிப் போங்கள்.

படி 5: மீறிக் கடித்துவிட்டால்

முதலில் நாயைப் பிடித்துக் கட்டுங்கள். ஆட்டின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள், வண்டிச் செலவும் உங்களுடையது. கடித்தது உங்கள் நாய் என்று ஆட்டுக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், ஊசிச் சீட்டைக் காட்டுங்கள். ஆடு செத்தால் சந்தையில் உயிராட்டுக்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள், கறி விலை பேசாதீர்கள். சினையாக இருந்தால் குட்டியையும் சேர்த்துப் பேசுங்கள். ஆட்டுக்காரர் கோபத்தில் நாய்க்கு விஷம் வைப்பதும் குற்றம்தான், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பெரும்பாலும் நாய்க்காரர் முகம் கொடுத்துப் பேசாத இடத்தில்தான் அந்த அளவுக்குப் போகிறது. அதனால் அன்றைக்கே போங்கள், மறுநாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.