இங்கிலீஷில் 'இஸ்' போடவா, 'ஆர்' போடவா? எழுவாயைக் கண்டுபிடிக்கும் வழி

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது நமக்குப் புதிதே இல்லை. வருகிறேன், வருகிறாள், வருகிறார்கள் என்று தமிழில் ஆளுக்கு ஆள் மாற்றித்தான் பேசுகிறோம். இங்கிலீஷில் இந்த வேலை ரொம்பக் குறைவு. 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' தவிர்த்துப் பார்த்தால், நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வரும்போது வினையோடு ஒரு 'ஸ்' சேரும், அவ்வளவுதான். 'கேன்', 'வில்', 'மஸ்ட்' யாருக்காகவும் மாறாது.

அப்புறம் ஏன் தடுமாறுகிறோம்? பெயரில் 'ஸ்' வந்தால் பன்மை, வினையில் வந்தால் ஒருமை, அதுதான் முதல் குழப்பம்: 'தி பாய் ரன்ஸ்', 'தி பாய்ஸ் ரன்'. இன்னொன்று நம் பேச்சுப் பழக்கம். ஒரு நாயும் 'நிக்குது', நாலு நாயும் 'நிக்குது' என்றே சொல்லிப் பழகியதால் 'தேர் இஸ் ஃபோர் டாக்ஸ்' என்று சட்டென்று வந்துவிடுகிறது. அங்கே 'தேர்' எழுவாயே அல்ல, பின்னால் வரும் நாய்கள்தான் எழுவாய், அதனால் 'தேர் ஆர் ஃபோர் டாக்ஸ்'.

பெரும்பாலான தப்புகள் நடப்பது எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வேறு சொற்கள் புகுந்துகொள்ளும்போதுதான். 'தி பிரைஸ் ஆஃப் ஆனியன்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்து 'ஹேஸ்' போடுவதா 'ஹேவ்' போடுவதா? பக்கத்தில் நிற்கும் ஆனியன்ஸ் 'ஹேவ்' பக்கம் இழுக்கும். ஆனால் ஏறியது வெங்காயமா, விலையா? விலை. 'ஆஃப் ஆனியன்ஸ்' என்பதை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்: 'தி பிரைஸ் ஹேஸ் கான் அப்'. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் வொர்க்ஸ் இன் மதுரை' என்பதிலும் வேலை செய்வது ஒருவர்தான், அதனால் வினையில் 'ஸ்' வேண்டும். அதே நேரம் ஃப்ரெண்ட்ஸ் என்பதில் உள்ள 'ஸ்'ஸையும் விட்டுவிடக் கூடாது, பல நண்பர்களில் ஒருவர் அல்லவா. 'தி டீச்சர், அலாங் வித் ஹெர் ஸ்டூடண்ட்ஸ், இஸ் கமிங்' என்பதற்கும் இதே வைத்தியம்.

இந்த மறைக்கிற வித்தை 'மோஸ்ட் ஆஃப்', 'சம் ஆஃப்', 'எ லாட் ஆஃப்' வந்தால் மட்டும் செல்லாது, அங்கே 'ஆஃப்'க்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்: 'மோஸ்ட் ஆஃப் தி மில்க் இஸ்', 'மோஸ்ட் ஆஃப் தி ஷாப்ஸ் ஆர்'. 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர்', ஆனால் 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ்'. முதலாவதில் பேச்சு மாணவர்களைப் பற்றி, இரண்டாவதில் எண்ணிக்கையைப் பற்றி.

'நைதர், நார்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே வினை: 'நைதர் தி டிரைவர் நார் தி பாசஞ்சர்ஸ் வேர் ஹர்ட்'. 'எவ்ரிவன்', 'ஈச்' ஒருமை. 'நியூஸ்' கடைசியில் 'ஸ்' இருந்தும் ஒருமை, 'போலீஸ்' எப்போதும் பன்மை. பணத்தை மொத்தத் தொகையாகச் சொன்னால் ஒருமைதான்: 'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் டூ மச்'. இவற்றைப் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக 'டஸ்'. இது வந்துவிட்டால் 'ஸ்' அதிலேயே அடங்கிவிட்டது, அடுத்து வரும் வினைக்கு மறுபடி ஒட்டாதீர்கள். 'ஷி டஸ் நாட் நோஸ்' தப்பு, 'ஷி டஸ் நாட் நோ' சரி. கேள்வியிலும் அப்படியே: 'டஸ் ஷி நோ?'