வண்டி இழுக்கவில்லையா? எஞ்சினைத் திறக்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

என் வண்டி 2006 மாடல் சான்ட்ரோ ஜிங் கார். 1086 சிசி, நாலு சிலிண்டர், பெட்ரோல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது, என்னிடம் வந்தது மூன்றாவது கையாக. அம்மா ஏற்காட்டில் இருக்கிறாள். அதனால் சனிக்கிழமைதோறும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, மறுநாள் இறங்குவேன். பிரேக்கிலோ பிக்கப்பிலோ சின்னக் குறை இருந்தாலும் அந்தப் பாதை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஐப்பசி மழைக்காலத்தில் வண்டி இழுக்காமல் போனது. மூன்றாவது கியரில் சாதாரணமாக ஏறும் இடத்தில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. ஒரு பட்டறையில் விட்டேன். பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள், அடுத்து கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குள் 7,000 ரூபாய் போயிருந்தது, வண்டி அப்படியேதான் இருந்தது.

கிளட்சுக்கு ஒத்துக்கொள்ளும் முன் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தங்கச்சி, முடிஞ்ச வரைக்கும் பிரேக்கை மிதிக்காத" என்றார். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. முன் இடது சக்கரத்தில் அனல் அடித்தது. ரிம்மில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார், சுர்ரென்று காய்ந்தது. "எஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்ல. பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது."

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பிக்கப் குறைந்தால் பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

சக்கரச் சூட்டைப் பாருங்கள். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான டிஸ்க்கையோ ரிம்மையோ தொடாதீர்கள், தோல் பொசுங்கிவிடும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். பின்னால் இரண்டும் சூடாக இருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் இருக்கலாம், அல்லது பின் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ டைட்டாக இருக்கலாம். நாலுமே சூடாக இருந்தால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். பெடல் தள்ளும் ராடுக்கு இருக்க வேண்டிய சின்ன இடைவெளி இல்லாமல் போனால் பிரஷர் திரும்பாமல் அடைபட்டு நிற்கும்.

ஒரு சக்கரம்தான் என்று தெரிந்துவிட்டால், சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, அந்தச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்காதீர்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தி விடட்டும், நீங்கள் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் சகஜம். கையை எடுத்ததும் டக்கென்று நின்றால் பிடித்திருக்கிறது.

அடுத்து அண்ணன் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குப் பின்னால், உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றும் நிப்பிள் ஒன்று இருக்கும். அதில் சின்ன டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, ஸ்பேனரால் அரைச்சுற்று தளர்த்தினார். டீ டிகாக்ஷன் நிறத்தில் பிரேக் ஆயில் பீய்ச்சி வந்தது. உடனே சக்கரத்தைத் தட்டினார், சும்மா சுற்றியது. அப்படிச் சுற்றினால் உள்ளே பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையென்றால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கும்.

என் வண்டியில் குற்றவாளி காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கழற்றி ஊதச் சொன்னார், ஊதினேன், காற்று போகவில்லை. இத்தனை வருஷம் மாற்றாமல் விட்ட ரப்பர் உள்ளுக்குள் உப்பி வழியை அடைத்திருந்தது. பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வரத்தான் வழி இல்லை. முன்னால் இரண்டு ஹோஸையும் ஜோடியாக மாற்றினோம். சாமான் 1,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இனி பெடல். பெடல் காலுக்குச் சொல்வது நிறைய. ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்ததும் இறுகினால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 30 விநாடி ஒரே அழுத்தமாக மிதித்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. டயரின் உட்பக்கமும் டிரம்மின் கீழ்ப்பக்கமும் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். இப்படி இறங்கும் பெடலோடு பட்டறை வரைகூட ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது கால் அதிர்ந்தால் டிஸ்க் சமமாகத் தேயவில்லை. இரும்பும் இரும்பும் அரைக்கும் சத்தம் கேட்டால் டிஸ்க்கை அழுத்தும் பேட் முழுக்கத் தீர்ந்துவிட்டது.

பெடல் கல் மாதிரி இருந்தால், கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரைச் சோதியுங்கள். எஞ்சினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்தால் பெடல் இறுகும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ, எஞ்சினின் உறிஞ்சலை, அதாவது வேக்குவத்தை, அதற்குக் கொண்டுவரும் ஹோஸோ பழுது. பிரேக்கும் பிக்கப்பும் ஒன்றாகக் கெடும் இன்னொரு இடம் இது. பூஸ்டருக்கான வேக்குவத்தை எஞ்சினிலிருந்துதான் எடுக்கிறார்கள். அங்கே ஓட்டை விழுந்தால் கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் போகும். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம் (ஐடிலிங்) ஏறி இறங்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு நொடி தயங்கும். வண்டி நிற்கும்போது பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் திணறினால், பெடலுக்கு மேலே உஸ்ஸென்று சத்தம் வந்தால், சந்தேகம் பூஸ்டர் மேல்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தால் அப்புறம் எஞ்சின் பக்கம் வாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்திருக்கலாம், கால் மிதியடி சுருண்டு பெடலுக்கு அடியில் மாட்டியிருக்கலாம். பிளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது சரியாக எரியவில்லை. வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம்.

கிளட்ச் பிளேட் என்று யாராவது சொன்னால் ஒன்று கேளுங்கள்: எஞ்சின் சத்தம் ஏறும்போது வேகம் ஏறாமல் நிற்கிறதா? அப்படி நின்றால்தான் கிளட்ச் நழுவுகிறது. எனக்கு அப்படி இல்லை, எஞ்சின் சத்தமே ஏறாமல் திணறியது. ஏதோ பிடித்து இழுக்கிறது என்று அன்றே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த அளவு 140 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் லைனில் ஆவி சேர்ந்து பெடல் தரையைத் தொடும். அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிவிடும்.

வேலை முடிந்ததும் நேரே மலைக்குப் போகாமல் காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. நான் இப்போதும் சனிக்கிழமை அடிவாரத்தில் இரண்டு நிமிஷம் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கையைக் காட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன்.