காரணம் தெரியாமல் எடை கூடுகிறதா?
காலையில் சிறுநீர் கழித்தபின், வெறும் வயிற்றில், ஒரே எடைக் கருவியில் எடை பாருங்கள். உப்பும் மாதவிடாயும் 1–2 கிலோ ஏற்றி இறக்கும் என்பதால் வாரச் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரே வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் கூடி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் அது கொழுப்பல்ல, நீர். இதயமோ சிறுநீரகமோ காரணமாகலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மெல்லக் கூடினால் முதல் சந்தேகம் மருந்துகள் மேல்: பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு), இன்சுலின், ஓலான்சபைன் (மனநோய்க்கான மருந்து), மிர்டாசபைன் (மனச்சோர்வுக்கான மருந்து). மருந்து தொடங்கிய தேதியையும் எடை ஏறத் தொடங்கிய தேதியையும் எழுதிக் காட்டினால் மருத்துவர் மாற்று யோசிக்க முடியும். நீங்களாக நிறுத்தாதீர்கள்; பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தைராய்டு மேல் பழிபோடுவது வழக்கம். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா எனக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யலாம்தான், ஆனால் தைராய்டு குறைவு ஏற்றுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும்.