ஆதாயக் கொலை வழக்கில் பிள்ளை பிடிபட்டால் குடும்பம் செய்ய வேண்டியவை

நகைக்கோ பணத்துக்கோ ஒருவரைக் கொன்றிருந்தால் போலீஸ் அதை ஆதாயக் கொலை என்று எழுதும். சென்னை ஐகோர்ட் வளாகத்து செஷன்ஸ் கோர்ட்டுகளில் நான் நடத்தும் வழக்குகளில் மனதை அதிகம் வதைப்பவை இவைதான். தனியாக இருந்த ஒரு பாட்டி கழுத்துச் சங்கிலிக்காகச் செத்திருப்பார். தெருமுனையில் பைக்கோடு நின்ற பையனின் அம்மா என் எதிரே உட்கார்ந்திருப்பார். "ஸ்டேஷன்ல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டானாம் மேடம், இனிமே என்ன இருக்கு?" என்பார்.

நிறைய இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 என்று இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23வது பிரிவில் ஒன்றாக வந்துவிட்டன. கையெழுத்தைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆபத்து. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், கிடைத்ததோடு நேரடியாகத் தொடர்புள்ள வார்த்தைகள் மட்டும் சாட்சியத்துக்குள் வரும். "பாட்டியைக் குத்திய கத்தியைக் கொருக்குப்பேட்டைத் தண்டவாளம் பக்கம் புதைத்தேன், எடுத்துத் தருகிறேன்" என்று எழுதியிருந்தால், புதைத்ததும் எடுத்துத் தருவதும் நிற்கும். "பாட்டியைக் குத்திய" என்பது நிற்காது. 1946 டிசம்பரில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அப்போது மேல்முறையீட்டுக்குக் கடைசி நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த கோடு அது. இன்றும் அதுதான் சட்டம்.

அதனால் பொருளை மீட்டபோது சாட்சிகள் முன் போலீஸ் எழுதிய கைப்பற்றுதல் மகஜரைத்தான் நான் முதலில் படிப்பேன். எத்தனை மணிக்குக் கைது, எத்தனை மணிக்கு வாக்குமூலம், எங்கே மீட்பு, சாட்சி யார்? திங்கள் ராத்திரி வீட்டிலிருந்து கூட்டிப்போனவனைப் புதன் காலையில் பிடித்ததாகக் காட்டினால், நடுவில் நடந்த எல்லாமே கேள்விக்கு உள்ளாகும். ஆனால் திங்கள் ராத்திரிக்கு உங்களிடம் ஆதாரம் வேண்டும். முன்பெல்லாம் தந்தி அடிப்போம்; 2013இல் அது நின்றுபோனது. இப்போது வேப்பேரி கமிஷனர் அலுவலகத்துக்கும் மேஜிஸ்ட்ரேட்டுக்கும் பிள்ளையைக் கூட்டிப்போனதைச் சொல்லி அன்றைக்கே மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். பக்கத்துக் கடை சிசிடிவி அழிவதற்குள் பிரதி வாங்கிவையுங்கள்.

பிடித்த 24 மணி நேரத்துக்குள் மேஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். பயணநேரம் அதில் சேராது. ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்க, கொண்டுவரும்போது வக்கீல் அங்கே இருக்கட்டும். உடம்பில் காயம் இருந்தால், "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தாலும், உண்மையை மேஜிஸ்ட்ரேட்டிடம் அவனே சொல்ல வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

மேஜிஸ்ட்ரேட்டே பதிவு செய்யும் வாக்குமூலம் வேறு கதை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 183வது பிரிவுப்படி, "நீ சொல்லியாக வேண்டியதில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று அவர் முதலில் எச்சரிக்க வேண்டும். அது சாட்சியமாக நிற்கும். ஆகவே வக்கீலைக் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. வாக்குமூலம் தர வேண்டாம் என்று அவன் மறுத்துவிட்டால், மேஜிஸ்ட்ரேட் அவனைப் போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது.

இனி, "என் பையன் வெளியேதான் நின்னான்" என்பது. இந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். 1923இல் கல்கத்தா சங்கரிதோலா தபால் நிலையத்தில் கொள்ளையடிக்கப் போனவர்கள் போஸ்ட்மாஸ்டரைச் சுட்டுக் கொன்றார்கள். பரேந்திர குமார் கோஷ் தான் வெளியில் நின்றதாகச் சொன்னார். பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக்கொள்ளை. அப்போது ஒருவர் கொன்றாலும் எல்லோருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 310(3): மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்து வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல். ஐந்துக்குக் கீழே என்றால் அதே சட்டத்தின் 3(5)இன்படி பொது எண்ணத்தை, அதாவது எல்லோரும் சேர்ந்தே அதைச் செய்ய நினைத்தார்கள் என்பதை, அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். பறிப்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டானா, கொலைக்குமா? கத்தி இருப்பது அவனுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளில்தான் வழக்கு திரும்பும். கூட்டாளி இவன் பெயரைச் சொன்னதாலேயே தண்டனை கொடுத்துவிட முடியாது; வேறு சாட்சியம் வேண்டும். திருட்டு நகை இவன் கையில் சீக்கிரமே கிடைத்திருந்தால் நிலைமை கடினம். அதை மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள்.

சம்பவ நாளில் 18 முடியவில்லையா? பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றையோ உடனே எடுத்து வாருங்கள். வழக்கு கெல்லீஸ் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

புழல் சிறையில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போகும்போது வழக்கு விவரத்தைப் பேசாதீர்கள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து 90 நாளை எண்ணிக்கொண்டே வாருங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிஎன்எஸ்எஸ் 187(3)இன் கீழ் ஜாமீன் அவன் உரிமை. 91ஆம் நாள் காலை கோர்ட் திறக்கும்போதே ஜாமீன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அதற்குப் பிறகு கேட்க முடியாது.