இன்டர்செப்டர் 650-க்கு ஆஃப்டர்மார்க்கெட் சைலன்சர்: மாட்டும் முறையும் கோளாறு கண்டுபிடிப்பதும்

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டுக்கும் இந்த வேலை ஒன்றுதான். புது சைலன்சர் போட்டபின் சத்தம், அதிர்வு, கசிவு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சரில் குறை இருக்காது. மாட்டிய விதத்தில் இருக்கும். துளை சேரவில்லை என்று குழாயை நெம்பி, போல்ட்டை முறுக்கியே இடத்துக்கு இழுத்திருப்பார்கள். அப்படி மாட்டியது முதலில் கசியும், பிறகு அதிரும், கடைசியில் பிராக்கெட்டின் வெல்டிங் விட்டுப்போகும். குழாய் எந்த இழுப்பும் இல்லாமல் தானாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததை அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே போல்ட்டின் வேலை.

வாங்கும் முன்

648 சிசி இன்ஜினில் இரண்டு சிலிண்டர். ஆளுக்கொரு பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து வளைந்து வரும் புகைக்குழாய்), ஆளுக்கொரு சைலன்சர். இரண்டு பெண்ட் பைப்பையும் இன்ஜினுக்கு அடியில் ஒரு குறுக்குக் குழாய் இணைக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்களும் பெண்ட் பைப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் போட்டால் அவற்றைத் தொடவே வேண்டாம். பெண்ட் பைப்போடு முழுதாக மாற்றும் ஃபுல் சிஸ்டம் வேறு கதை. கன்வெர்ட்டர் போய்விடும், பெட்ரோல் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற கணக்கை) மாற்றியாக வேண்டும், மாசுச் சான்றிதழுக்கும் சிக்கல். சாலையில் ஓட்டும் வண்டிக்கு ஸ்லிப்-ஆன் போதும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன்படி ஒலி, புகை வரம்பை மீறும் வண்டிக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பு என்று 2019 திருத்தம் சொல்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு, தயாரிக்கும்போது பொருந்தும் ஒலி வரம்பு 80 டெசிபல். இதை அளப்பது வண்டி கடந்துபோகும்போது, பக்கவாட்டில் தள்ளி நின்று. சைலன்சர் வாயில் போனை வைத்துப் பார்க்கும் எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது. டிபி கில்லர் என்னும் சத்தம் குறைக்கும் சின்னக் குழாய் உள்ளே இருக்கும் சைலன்சராகப் பார்த்து வாங்குங்கள்; வாங்கியபின் அதைக் கழற்றி வீசாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் தெருவில் தூங்கும் குழந்தைக்கும் அந்தச் சின்னக் குழாய்தான் நீங்கள் காட்டும் மரியாதை.

பெட்டியைப் பிரித்ததும் இடது, வலது குறிகள் சரியா, இரண்டு கிளாம்ப், இரண்டு பிராக்கெட், ரப்பர் புஷ், உள்ளே போகும் உலோக ஸ்லீவ், போல்ட், வாஷர் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீவ் இல்லாமல் ரப்பர் புஷ்ஷை முறுக்கினால் ரப்பர் நசுங்கி ஒரே மாதத்தில் கிழியும். பிறகு வெர்னியர் எடுத்து சைலன்சர் கழுத்தின் உள்விட்டத்தை அளந்துவையுங்கள். பழையதைக் கழற்றியதும் பெண்ட் பைப் முனையின் வெளிவிட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் கிளாம்ப் இறுக்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் கிராஃபைட் ஸ்லீவ் கேஸ்கெட் வாங்குங்கள், அல்லது சைலன்சரைத் திருப்பிக் கொடுங்கள்.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

முதலில் சைலன்சர் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். பின்பக்கப் போல்ட்டைக் கடைசியில் எடுங்கள். எடுக்கும்போது மறுகையால் சைலன்சரைத் தாங்கிப்பிடியுங்கள். கம்பெனி சைலன்சர் நல்ல கனம். அது ஒற்றை மூட்டில் தொங்கினால் பெண்ட் பைப்பின் நுனி வளையும், அப்புறம் எந்தச் சைலன்சரும் சரியாக உட்காராது. இட வலமாகத் திருகிக்கொண்டே பின்னால் இழுங்கள். வரவில்லையா? ஹீட் கன்னால் கழுத்தைச் சுற்றிலும் சூடாக்கி ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் செருகி நெம்பினால் குரோம் உரியும்.

வெளியே வந்த பெண்ட் பைப் முனையை 400 நம்பர் எமரித் தாளால் பளபளவென்று ஆகும் வரை தேயுங்கள். பழைய கரியும் துருவும் வளையமாக அங்கே ஒட்டியிருக்கும். அதன்மேலேயே புதியதை ஏற்றினால் பாதி வழியில் நின்றுவிடும்.

சிலிண்டர் ஹெட்டில் உள்ள நட்டுகளை ஸ்லிப்-ஆனுக்காகக் கழற்றத் தேவையில்லை. ஃபுல் சிஸ்டம் போடுபவர்கள் மட்டும் அவற்றை முழுதாகக் கழற்றுவார்கள். அப்போது கால் சுற்று தளர்த்தி, திரும்பக் கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் முறியும். அதைத் துளைத்து எடுக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கழற்றிய இடத்தில் புது கேஸ்கெட்தான் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுமுறை அடைக்காது.

மாட்டுவது

கிளாம்ப்பை முதலில் சைலன்சர் கழுத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். கழுத்தில் வெட்டுகள் இருக்கும். கிளாம்ப் அந்த வெட்டுகளின் மேலேயே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் கழுத்து சுருங்காது. கிளாம்ப்பின் போல்ட் கீழ்நோக்கி உள்பக்கமாக, ஸ்பேனர் போகும்படி இருக்கட்டும். பெண்ட் பைப்பின் வெளிப்புறத்தில் மட்டும் காப்பர் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். மூட்டில் சாதாரண சிலிக்கான் சீலன்ட் பூசும் பழக்கம் வேண்டாம். அது எரிந்து உதிர்வது ஒருபுறம். பெண்ட் பைப் பக்க மூட்டுகளில் பூசினால் அதன் ஆவியே ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். அடைப்பு கட்டாயம் தேவை என்றால், சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறித்திருக்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட்டை வாங்குங்கள்.

சைலன்சரைக் குறைந்தது 30 மி.மீ. உள்ளே போகும்வரை தள்ளுங்கள். பின்போல்ட்டை புஷ், ஸ்லீவ், வாஷரோடு கையால் மட்டும் திருகிவையுங்கள். இப்போது நின்று பாருங்கள். இந்த வேலையின் முக்கியமான நிமிடம் இதுதான். போல்ட் விரலாலேயே உள்ளே போகிறதா? போனால் நல்லது. துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் இழுக்காதீர்கள். குறுக்குக் குழாயின் கிளாம்ப்பையும் ஹெட் நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்தி, குழாய்கள் முழுவதையும் லேசாக ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் தானே சேரும். பிராக்கெட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இடைவெளி மிஞ்சினால் அதே தடிமனுக்கு வாஷர் வையுங்கள். பிராக்கெட்டை வளைக்க வேண்டாம்.

இறுக்கும் வரிசை முன்னிருந்து பின்னால்: ஹெட் நட்டு, குறுக்குக் குழாய் கிளாம்ப், சைலன்சர் கிளாம்ப், கடைசியில் பின்போல்ட். பின்னாலிருந்து தொடங்கினால் மிச்சமிருக்கும் இழுப்பு முழுவதும் சிலிண்டர் ஹெட் மூட்டில் போய்ச் சேரும். டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பின்பற்றுங்கள். அது கையில் இல்லாதபோது 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 என்பது பொதுவான அளவு. கிளாம்ப்பை அதற்குமேல் முறுக்கினால் குழாய் நசுங்கி, அடுத்த முறை கழற்றவே வராது.

தரையிலிருந்து இரண்டு சைலன்சர் நுனியின் உயரத்தையும் டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். டயர், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பிரேக் பாகங்கள் எதுவாக இருந்தாலும் 10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இதை இருவரைப் பின்னால் உட்காரவைத்து சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டை மடக்கிப் பாருங்கள். சில சைலன்சர்களில் ஸ்டாண்ட் வந்து முட்டும் ரப்பர் ஸ்டாப்பர் இருக்காது, தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்டார்ட் செய்யும் முன் குழாயின் வெளிப்புறம் முழுவதையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கைரேகை எண்ணெய் சூட்டில் வெந்து ஸ்டீலில் நிரந்தரக் கறையாகிவிடும். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். கொஞ்சம் புகையும் எண்ணெய் வாடையும் வரும். தயாரிப்பு எண்ணெயும் சத்தத்தை உறிஞ்ச உள்ளே சுற்றியிருக்கும் கிளாஸ் வூலின் பிசினும் எரிவது அது. நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, எல்லா நட்டையும் மறுபடி சரிபாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை. இந்த இரண்டாம் முறையைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் கிளாம்ப் கழன்று விழுகிறது.

கோளாறுகள்

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட பட என்று வெடிப்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. திறந்த அமைப்புள்ள சைலன்சரில் லேசாக இருப்பது இயல்பு. பலமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கசிவைத்தான். புகை ஒரே சீராக வெளியே போவதில்லை, அலை அலையாகப் போகிறது. ஒவ்வொரு அலைக்கும் பின்னால் குழாயில் அழுத்தம் விழும். அப்போது மூட்டில் இடுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோலோடு கலந்து குழாயிலேயே வெடிக்கும். கசிவு சென்சாருக்கு முன்னால் இருந்தால் கேடு இரட்டிப்பாகும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து கலவை மெலிந்துவிட்டது (பெட்ரோல் குறைவு) என்று இன்ஜினின் கணினியான ஈசியூ-வுக்குச் சொல்லும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், ஸ்பார்க் பிளக் கறுக்கும். வண்டி உண்மையில் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடிக்கொண்டிருக்க, வெடிச் சத்தத்தை மட்டும் கேட்டு இன்னும் பெட்ரோலைக் கூட்டுவது வழக்கமாக நடக்கும் தவறு. மேப் பக்கம் போகும் முன் கசிவைத் தேடுங்கள்.

தேடும் முறை எளிது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் மெதுவாகக் காட்டுங்கள். பெட்ரோல் டேங்க், ஹோஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கதவு திறந்த இடத்தில் செய்யுங்கள். புகைக்கோடு சிதறும் இடம்தான் கசிவு. தடித்த துணியை மடித்து, கையுறையோடு இரண்டு சைலன்சர் வாயையும் மூன்று நான்கு விநாடி அடைத்தால் சீறும் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் சேர்த்து அடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் அடைத்தால் குறுக்குக் குழாய் வழியாக மற்றதில் போய்விடும். நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் மூட்டில் கறுப்புக் கரிக்கோடே காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் நின்றுபோனால் பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தின் கேஸ்கெட் வளையத்தைப் பாருங்கள். உலோகம் விரிந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது.

கடகடவென்ற அதிர்வு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் வந்தால் டிபி கில்லரின் போல்ட், ஹீட் ஷீல்டின் கிளிப், பின் புஷ் என்ற வரிசையில் பாருங்கள். ஆறிய சைலன்சரை ரப்பர் சுத்தியால் தட்டினாலே எது ஆடுகிறது என்று தெரியும். டிபி கில்லர் போல்ட்டுக்கு அதிக வெப்பம் தாங்கும் திரெட் லாக் போடுங்கள். நீல நிறச் சாதாரண வகை இந்தச் சூட்டில் பிடியை இழந்துவிடும்.

கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைந்தது போலிருந்தால், கசிவும் இல்லையென்றால், டிபி கில்லரைக் கழற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். குழாய் அளவுக்கு மீறி அகன்றால் குறைந்த வேகத்தில் புகையின் ஓட்டம் தளர்ந்துபோகும்.

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சென்சார் ஒயர் சூடான குழாயில் படுகிறதா, கனெக்டர் முழுக்கப் பூட்டியிருக்கிறதா என்பதே முதல் சோதனை. பெண்ட் பைப் மாற்றியவர்கள் இரண்டு சென்சாரின் கனெக்டரும் இடம் மாறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். மாறினால் ஈசியூ ஒரு சிலிண்டரைப் பார்த்து மற்றொன்றுக்குப் பெட்ரோலைத் திருத்தும்.

கம்பெனி பெண்ட் பைப் இரட்டைச் சுவர் கொண்டது. அதனால் நிறம் அவ்வளவாக மாறாது. ஒற்றைச் சுவர் ஸ்டீல் பைப் முதலில் வைக்கோல் மஞ்சளாகி, பிறகு நீலமாகும். அது கோளாறு இல்லை. ஒரு பக்கம் மட்டும் கடுமையாக நிறம் மாறினால் அந்தப் பக்கப் பிளக், இன்ஜெக்டர், இன்டேக் ரப்பர் மூன்றையும் சோதியுங்கள்.

சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து சத்தம் மெல்ல மெல்லக் கூடி, கரகரத்து, சைலன்சரின் வெளிச்சுவர் வழக்கத்தைவிடச் சூடானால் கிளாஸ் வூல் எரிந்துபோயிருக்கிறது. ரிவெட்டால் அடைத்த மாடல் என்றால் ரிவெட்டைத் துளைத்துத் திறந்து, துளையிட்ட உள்குழாயைச் சுற்றி புதிய எக்ஸாஸ்ட் பேக்கிங்கைச் சீராக, திணிக்காமல் சுற்றுங்கள். கட்டாயம் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். வீட்டுக் கூரைக்குப் போடும் கிளாஸ் வூல் இந்த வெப்பத்துக்குத் தாங்காது.

கழற்றிய கம்பெனி சைலன்சர்களின் வாயைத் துணியால் அடைத்து, உலோகப் பாகங்களில் எண்ணெய் தடவி, அதன் போல்ட், புஷ், கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி அதனோடேயே வைத்திருங்கள். வண்டியை விற்கும்போதும் ஆர்டிஓ சோதனைக்கும் அவை அப்படியே தேவைப்படும்.