வார்ஹோல் பாணியில் ஒரு முகத்தை அச்சடிப்பது எப்படி?

அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அவர் அச்சடித்த நடிகை மர்லின் மன்றோதான். மஞ்சள் முடி, ரோஸ் நிறத் தோல், நீலக் கண்ணிமை. இன்று எந்த ஃபோன் ஆப்பிலும் ஒரே தட்டலில் அந்த மாதிரி படம் வந்துவிடும். ஆனால் புகழையும் கடைச் சரக்கையும் அவர் எப்படிப் பார்த்தார் என்பது ஆப்பில் பிடிபடாது, கையில் மை ஒட்ட வேண்டும். அதனால் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலேயே, அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சடிக்கும் முறையிலேயே, செய்வோம்.

தேவையானவை: ஒரு முகப் படம், கெட்டியான தாள் பத்துப் பன்னிரண்டு, அக்ரிலிக் வண்ணம், கார்பன் தாள், தண்ணீரில் கழுவக்கூடிய கறுப்பு ஸ்கிரீன் மை, ஸ்க்வீஜி (மையை இழுத்துவிடும் ரப்பர் பட்டை).

1. படம் எடுங்கள்

1962 ஆகஸ்டில் மர்லின் இறந்துபோனார். அதன் பிறகு வார்ஹோல் தேடி எடுத்தது, 'நயாகரா' படத்துக்காக எடுக்கப்பட்ட ஒரு விளம்பரப் புகைப்படம். கழுத்துக்குக் கீழே இருந்ததை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதாவது, ஸ்டூடியோ ஏற்கெனவே தயாரித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்ட முகம் அது. நீங்களும் இயல்பாக எடுத்த படத்தை விட்டுவிட்டு, கேமராவுக்காகவே சிரித்த படமாகப் பாருங்கள்.

நீங்களே எடுத்த படமாக இருந்தால் நல்லது. லின் கோல்ட்ஸ்மித் 1981ல் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து வார்ஹோல் செய்த படம் ஒன்றை, அவர் பெயரிலான அறக்கட்டளை பத்திரிகைக்குக் கொடுத்த வழக்கில், 2023ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரர் பக்கமே நின்றது.

2. கறுப்பு வெள்ளையாக்குங்கள்

ஜிம்ப் மென்பொருளில் த்ரெஷோல்டு என்ற வசதி இருக்கிறது. அதை நகர்த்தினால் சாம்பல் நிறங்கள் மறைந்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். கண், மூக்குத் துவாரம், உதட்டுக் கோடு, முடியின் நிழல் இவை தெரிந்தால் போதும். முகச் சுருக்கமெல்லாம் போய்விடும். போகட்டும்.

3. ஸ்கிரீன்

படத்தை ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அடர் கறுப்பாக லேசர் பிரிண்ட் எடுத்து, கல்யாணப் பத்திரிகையோ தாம்பூலப் பையோ அச்சடிக்கும் கடையில் கொடுத்தால் எக்ஸ்போஸ் செய்து (ஒளி காட்டிப் படத்தை ஸ்கிரீனில் பதித்து) தருவார்கள். தாளில் அடிக்கப்போவதைச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மெஷ் (வலைத்துணி) போடுவார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை. வார்ஹோலும் தன் ஸ்கிரீன்களை வெளியே கொடுத்துத்தான் செய்து வாங்கினார்.

4. முதலில் நிறம்

புதிதாகச் செய்பவர்கள் கறுப்பை முதலில் அடித்துவிட்டு உள்ளே வண்ணம் தீட்டப் பார்ப்பார்கள். வரிசை அதற்கு நேர் எதிர். முடி, முகம், கண்ணிமை, உதடு இவற்றின் எல்லையைக் கார்பன் தாளால் பாதித் தாள்களில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரே தட்டையான நிறத்தால் நிரப்புங்கள். ஷேடிங் வேண்டாம். இந்தக் கட்டத்தில் பார்த்தால் ஆளே இருக்க மாட்டார், மேக்கப் மட்டும் இருக்கும்.

5. பிறகு கறுப்பு

வண்ணம் நன்றாகக் காய்ந்ததும் ஸ்கிரீனைத் தாள்மேல் வைத்து, மேல் ஓரத்தில் மையை ஊற்றி, ஸ்க்வீஜியைச் சாய்வாகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். கறுப்பு சற்று விலகி விழும். உதட்டுச் சிவப்பு உதட்டுக் கோட்டைத் தாண்டி நிற்கும். சரி செய்யாதீர்கள். மேக்கப் ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாக நிற்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இனி, வண்ணம் பூசாத வெற்றுத் தாள்களை எடுங்கள். புதிதாக மை சேர்க்காமல் அடுத்தடுத்து அடித்துக்கொண்டே போங்கள். முகம் ஒன்றில் அப்பிக்கொள்ளும், ஒன்றில் திட்டுத்திட்டாகும், அப்புறம் வெளிறும். லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் 'மர்லின் டிப்டிக்' (இரட்டைப் பலகைப் படம்) இப்படித்தான் இருக்கிறது: மொத்தம் 50 முகம், இடப்பக்கம் 25 வண்ணத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில், ஓரத்துக்குப் போகப் போக மங்கியபடி. இதை இரங்கல் என்றும் சொல்லலாம், அச்சடித்து அச்சடித்தே ஒரு ஆளைத் தேய்த்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

முடித்த உடனே ஸ்கிரீனைக் கழுவுங்கள். மை காய்ந்தால் மெஷ் அடைத்துக்கொள்ளும்.

6. அதே வேலையை ஒரு சோப்பு உறைக்கும் செய்யுங்கள்

மர்லினுக்கு முன்பே, 1962 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கேலரியில் கேம்ப்பெல் சூப் டப்பாக்களின் 32 ஓவியங்களை அவர் காட்சிக்கு வைத்தார். வகைக்கு ஒன்று, மளிகைக் கடை அலமாரி போல வரிசையாக. நுகர்வைக் கிண்டல் செய்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. 1950களில் ஷூ விளம்பரம் வரைந்து பிழைத்தவர், அந்த சூப்பையே தினமும் மதியம் குடித்ததாகச் சொன்னவர் அவர். டப்பாவுக்கும் நடிகைக்கும் ஒரே மரியாதையைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சோப்பு உறையையும் முகத்தையும் ஒரே அளவில் அடித்து அடுத்தடுத்து ஒட்டுங்கள். உறையில் எழுத்து இருப்பதால், ஷீட்டைக் கொடுக்கும்போது எந்தப் பக்கம் நேர்ப்பக்கம் என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பெயர் திரும்பி விழும்.